வெட்பாலைத் தைலம்: இலையில் ஈரம், எண்ணெயில் நிறம், தோலில் பொறுமை

முழங்கை, முழங்கால், மண்டை ஓரம் என்று வெள்ளைச் செதிலோடு தடித்துக் கிளம்பும் படையைச் சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள். அலோபதியில் சோரியாசிஸ். ஆயுர்வேதம் குஷ்டம் என்ற பெரிய தலைப்பில் தோல் நோய்களை 18 வகையாகப் பிரிக்கிறது: பெரியவை 7, சிறியவை 11. சிறியவற்றில் சோரியாசிஸுக்கு நெருக்கமானவை ஏககுஷ்டமும் கிடிபமும். ஏககுஷ்டத்துக்குப் பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சரகர் தரும் அடையாளம், வியர்வை இல்லாமல் பரந்து மீன் செதில் போலிருக்கும் தோல். கிடிபம் என்பது கருத்து, ஆறிய தழும்பைத் தொட்டது போலச் சொரசொரப்பாக இருப்பது. வாதம் மிகுந்த குஷ்டத்துக்கு நெய்ப்பசையில்தான் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது ஆயுர்வேதம். வறண்ட படைக்கு எண்ணெய் முக்கியமாவது அதனால்தான். அந்த எண்ணெய்களில் வீட்டிலேயே ஒழுங்காகச் செய்யக்கூடியது வெட்பாலைத் தைலம். கேரள வைத்தியர்கள் தந்தப்பாலை, ஐயப்பாலை என்று சொல்வதும் இதே மரம்தான்.

எண்ணெய் காய்ச்சும் முன் படையைப் பாருங்கள். வட்டமாகப் படர்ந்து, ஓரம் மட்டும் சிவந்து தடித்து, நடு தெளிந்து, அரிப்பு தாங்கவில்லை என்றால் அது படர்தாமரையாக இருக்கலாம். பூஞ்சைக்கு எண்ணெய்ப் பூச்சு விருந்து. தொடை இடுக்கில் பூசினால் இன்னும் பரவும். நீர் கசியும் கரப்பானுக்கும் இது வேண்டாம். வெளிறிய அல்லது சிவந்த திட்டில் ஊசி குத்தினால்கூட உணர்ச்சி இல்லை, முடி உதிர்ந்திருக்கிறது என்றால் வீட்டு வைத்தியத்தில் ஒரு நாளும் வீணாக்காதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். வெள்ளிச் செதிலை நீக்கினால் அடியில் புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்ப்பது காளாஞ்சகப்படையின் குணம். அதைச் சோதிக்கிறேன் என்று சுரண்ட வேண்டாம். காயம் பட்ட இடத்திலேயே புதுப் படை கிளம்புவது இந்த நோயின் வழக்கம்.

மரத்தை அடையாளம் காண்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். பாலை என்று முடியும் பெயர்கள் பல. ஏழிலைப்பாலையில் இலைகள் ஒரே கணுவில் வட்டமாகச் சுற்றி நிற்கும். வெட்பாலையில் எதிரெதிராக இரண்டிரண்டு. குடசப்பாலைதான் ஆளைக் குழப்பும். அதிலும் எதிரிலை, வெள்ளைப் பூ, கிள்ளினால் பால். காயைப் பார்த்தால் தெரிந்துவிடும். வெட்பாலையில் நீண்டு தொங்கும் இரட்டைக் காய்கள் முதிரும் வரை நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். குடசப்பாலையில் நுனி பிரிந்தே இருக்கும். இன்னொரு சோதனை: இலையைக் கசக்கி வெள்ளைத் துணியில் தேய்த்து வைத்தால், வெட்பாலையின் பச்சை மெல்ல நீலமாகத் திரும்பும். இலையில் அவுரிச் சாயத்தின் மூலப்பொருள் இருக்கிறது. இலைத் திசு உடைந்து காற்றுப் படும்போது அது நீல இண்டிகோவாகவும் சிவந்த இண்டிருபினாகவும் மாறுகிறது. தைலத்தின் ஊதா நிறம் இங்கிருந்துதான் வருகிறது.

500 மில்லி செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு 250 கிராம் முற்றிய பச்சை இலை எடுங்கள். பழுப்பு இலையும் உதிர்ந்த இலையும் உதவாது. தூசி அதிகமில்லை என்றால் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். கழுவினால் துணியில் பரப்பி, நிழலில் நீர் சொட்டில்லாமல் உலர்த்துங்கள். சருகாகும் வரை விடக்கூடாது. பிறகு கையால் சிறு துண்டுகளாகக் கிள்ளுங்கள். இரும்பு படக்கூடாது என்பது பழைய வழக்கம். காரணம் ஆளுக்கொன்று சொல்வார்கள். கிள்ளுவது ஒன்றும் பெரிய பாடில்லை என்பதால் வழக்கப்படியே செய்யலாம்.

வாயகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் இலையைப் போட்டு எண்ணெய் ஊற்றி அழுத்துங்கள். இலைக்கு மேல் ஒரு விரல் உயரம் எண்ணெய் நிற்க வேண்டும். போதாவிட்டால் கொஞ்சம் கூட ஊற்றலாம். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை நல்ல வெயில். வாயை மெல்லிய பருத்தித் துணியால் கட்டுங்கள், மூடி போடாதீர்கள். மூடினால் இலையின் நீர் ஆவியாகி மூடியில் முத்து முத்தாகக் கோத்துத் திரும்ப எண்ணெயிலேயே விழும். தைலம் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். மாலையில் உள்ளே எடுத்து, ஆறியபின் மூடுங்கள். தினமும் ஒரு முறை உலர்ந்த மரக்கரண்டியால் கிளறுங்கள். மேலே மிதக்கும் இலையில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும்.

முதலில் பச்சைச் சாயல், பிறகு சிவப்பு கலந்து, கடைசியில் மேலிருந்து பார்த்தால் கறுப்பாகவும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கத்தரிப்பூ நிறமாகவும் வரும். வெயிலைப் பொறுத்து 5 முதல் 7 நாள். ஏழு நாளிலும் பச்சை மாறவில்லை என்றால் இலை பழசு, அல்லது மரமே வேறு. வடிகட்டும்போது துணியை முறுக்கிப் பிழியாதீர்கள், இலைச்சாறு இறங்கிவிடும். ஓர் இரவு தெளியவிட்டு, அடியில் தங்கும் கலங்கலை விட்டுவிட்டு மேல் எண்ணெயை மட்டும் புட்டியில் ஊற்றுங்கள். சிக்கு வாடை வந்த எண்ணெய் விளக்குக்குத்தான்.

மழைக்காலத்தில் காய்ச்சலாம். ஆயுர்வேத அளவு கல்கம் (அரைத்த விழுது) 1, எண்ணெய் 4, நீர் 16. அதாவது 500 மில்லி எண்ணெய்க்கு 125 கிராம் அரைத்த இலை, 2 லிட்டர் தண்ணீர். சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் எண்ணெயில் நுரை கட்டும். அப்போது கல்கத்தை எடுத்துத் திரியாக உருட்டி நெருப்பில் காட்டினால் சடசடவென்று சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் நீர் மிச்சம் இருக்கிறது. கருகவிட்டால் தைலமும் போயிற்று.

முதலில் முன்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு பூசி, ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லை என்றால் தொடங்கலாம். உள்ளங்கை அளவு படைக்கு அரை டீஸ்பூன் தாராளம். காலையில் பூசி, இளவெயிலில் 15 நிமிடம் இருந்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் ஊறவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கலாம். சுடு தண்ணீரும் காரச் சோப்பும் செய்த வேலையைக் கெடுத்துவிடும். பயத்தமாவு போதும், வறட்சி அதிகமென்றால் அதை மோரில் குழைத்துத் தேயுங்கள். நார் போட்டுத் தேய்க்கவே கூடாது. குளித்ததும் துவட்டி, தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே இரண்டாம் முறை பூச வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் பூச்சைத்தான். என் கணக்கில் இதுதான் முக்கியம். துணியில் கறை பிடிக்கும், பழையதை உடுத்துங்கள்.

பொதுவாகச் செதில் முதலில் குறையும், தடிப்பு பிறகு, சிவப்பு கடைசி. நிறம் கருத்து நிற்பது ஆறும் தோலில் வழக்கம்தான். இரண்டு மாதம் ஒழுங்காகப் பூசியும் அசைவில்லை என்றாலோ, விரல் மூட்டு வீங்கினாலோ, உடம்பு முழுக்கச் சிவந்து காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைலத்தை நம்பி அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. படை சீழ்க் கொப்புளமாகவே வெடிக்கலாம். இரண்டே நாளில் படையை மறைக்கும் பெயரில்லாத மூலிகைக் களிம்புகளிலும் இதே ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. பாதரசம் சேர்ந்த உள்மருந்துகளைப் பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர் கையால் தவிர வாங்காதீர்கள்.

நிறப் புட்டியில் இருட்டில் வைத்தால் தைலம் ஆறு மாதம் தாங்கும். மார்கழியில் உறைந்தால் அடுப்பில் வைக்காமல் புட்டியோடு வெந்நீரில் நிறுத்துங்கள்.