ஆரல்வாய்மொழி முதல் மாத்தூர் வரை குதிரை வண்டியில்

ஊர் திரும்பிய கையோடு எழுதுகிறேன். வள்ளியூரில் இருந்து மாமாவின் குதிரை வண்டியில் குமரி மாவட்டத்துக்குள் போய் வந்தோம். லாட்ஜ் கிடையாது. இடம் கொடுத்த வீட்டில் தங்குவது, கொடுத்ததைச் சாப்பிடுவது என்று பேச்சு. கையில் இருந்த காசெல்லாம் எங்கள் குதிரை ராணியின் கொள்ளுக்கும் தவிட்டுக்கும்தான்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று நேர் எதிரே. இருபக்கமும் மலை, நடுவில் இடைவெளி, மேற்கில் இருந்து வருகிற காற்று மொத்தமும் அதன் வழியாகத்தான் பாய்கிறது. காற்றாலைக்குக் கொண்டாட்டம், குதிரைக்குத் திண்டாட்டம். மேலே கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. தோவாளைப் பூச்சந்தையில் ஒரு அக்கா ராணியின் கழுத்தில் கேந்திப்பூ மாலை போட்டுவிட்டு, காசே வேண்டாம் என்றுவிட்டார்.

நாகர்கோவில் தாண்டி ஒருவர் காலி ஷெட்டில் ராத்திரி வண்டியை நிறுத்த ஐந்நூறு ரூபாய் கேட்டார். குதிரைக்கு இரண்டு வாளி தண்ணீருக்குத் தனியாக நூறு! அநியாயம். பேசாமல் வண்டியைத் திருப்பினோம். அப்புறம் தக்கலை வரை கல்லும் எம்சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள். ஹாரன் அடித்தபடி உரசிக்கொண்டு போகிறார்கள், ராணி ஒவ்வொரு தடவையும் மிரண்டது. அந்த ரோட்டில் குதிரையோடு போகவே கூடாது. சானல்கரைப் பாதைதான், அதாவது கால்வாய்க்கரைப் பாதைதான் சரி.

திருவட்டாறு பக்கம் போனதும் எல்லாமே மாறிவிட்டது. ரப்பர் தோட்ட நிழலில் மேய்ச்சலுக்குப் புல் குறைவு. ஒரு வீட்டு வேலியோரம் நின்றோம். ராணி மரச்சீனிச் (மரவள்ளி) செடிப் பக்கம் கழுத்தை நீட்டியதுமே உள்ளே இருந்து ஒரு பாட்டா (தாத்தா) ஓடி வந்தார். "மக்களே, அந்த எலையத் தின்ன விட்டுராத, வெஷம்!" கயிற்றை அவரே பிடித்து இழுத்துக் கட்டினார். கால்நடைக்குப் பச்சை மரச்சீனி இலை ஆகாது, அதில் சயனைடு உண்டாகும். பாட்டா சொன்னதோடு நிற்கவில்லை, அரிவாளை எடுத்துக்கொண்டு போய் ஒரு கட்டு புல் அறுத்து வந்து போட்டார்.

உள்ளே பாட்டி மயக்கிய மரச்சீனிக் கிழங்கும் சாளை (மத்தி) மீன் கறியும் வைத்தார். தேங்காயும் பச்சைமிளகாயும் சேர்த்து மசித்த கிழங்கில் புளிப்பும் காரமுமான அந்தக் கறியை ஊற்றியதும் பேச்சே வரவில்லை. மூன்று தடவை கேட்டு வாங்கினேன். கூடவே கட்டன் சாயா, பால் இல்லாத டீ. எந்த ஹோட்டலிலும் இந்த ருசி கிடைக்காது, உறுதியாகச் சொல்கிறேன். பணம் நீட்டினால் பாட்டிக்குக் கோபமே வந்துவிட்டது. திண்ணையில் பாய் போட்டுப் படுக்கவும் சொன்னார்கள்.

மறுநாள் மாத்தூர். கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோக 1966-ல் கட்டிய தொட்டிப்பாலம் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் நிற்கிறது. அதில் நாம் நடக்கலாம், குதிரையைக் கொண்டுபோக முடியாது. கீழே கடை வைத்திருந்த அண்ணன், "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். திரும்பி வந்தால் ராணி அவர் கையில் இருந்து மட்டி வாழைப்பழம் தின்றுகொண்டிருக்கிறது!

போகிறவர்கள் ஆடியைத் தவிர்த்துவிடுங்கள். கொள்ளு மூட்டையும் ஒரு வாளியும் கட்டாயம். லாடத்தை ஊரிலேயே அடித்துவிட்டுக் கிளம்புங்கள், வழியில் லாடம் அடிக்க எங்களுக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.