கோடு போட்டால் போதுமா?

யார் யாரோடு தொடர்பு வைத்திருக்கிறார்கள் என்பதைப் புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்து ஆராயும் வலையமைப்புப் பகுப்பாய்வில் பயிற்சி பெறும் இந்திய ஆய்வாளர்கள் பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் கர்நாடகக் கிராமங்களின் தரவுத்தொகுதியோடு சில மாதங்களாவது குடித்தனம் நடத்தியிருப்பார்கள். குறுங்கடன் நிறுவனம் ஒன்று நுழைவதற்கு முன்பே 75 கிராமங்களில் வீடு வீடாக எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு அது. பின்னர் அவற்றில் 43 கிராமங்களில் அந்நிறுவனம் கடன் வழங்கத் தொடங்கியது. அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டஃப்லோ, மேத்யூ ஜாக்சன் ஆகிய நால்வரும் அதை வைத்து எழுதிய ஆய்வுக்கட்டுரை 2013-இல் வெளிவந்தது. ஒருவரின் முடிவு மற்றவர்களின் முடிவைச் சார்ந்திருக்கும் நிலைமைகளை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டைச் சூத்திரங்களாகவே படித்துவிட்டு வந்த எனக்கு, இந்தத் துறையின் வேலை உண்மையில் எங்கே நடக்கிறது என்பதை இத்தரவுதான் காட்டிக்கொடுத்தது.

அவசரத்துக்கு யாரிடம் அரிசியோ மண்ணெண்ணெயோ வாங்குவீர்கள், கைமாற்று யாரிடம் கேட்பீர்கள், கோயிலுக்கு யாருடன் போவீர்கள், உங்கள் வீட்டுக்கு யார் வந்துபோகிறார்கள் என்பவை கணக்கெடுப்பில் இருந்த கேள்விகள். எங்கள் மேசைக்கு வந்து சேரும்போது இவையெல்லாம் உறவு இல்லை என்றால் 0, உண்டு என்றால் 1 என்று எண்கள் நிறைந்த அட்டவணைகளாகிவிடுகின்றன. ஒரு வீட்டார் இன்னொரு வீட்டிடம் அரிசி வாங்குவதாகச் சொல்லியிருப்பார்கள். அந்த இன்னொரு வீட்டாரோ அவர்களுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். இருவருக்கும் நடுவே கோடு போடுவதா, கூடாதா? இருவரில் ஒருவர் சொன்னாலே கோடு போடலாம் என்பது அந்த ஆய்வாளர்கள் எடுத்த முடிவு. மாறாக, இருவரும் சொல்லியே ஆகவேண்டும் என்று விதித்தால் என்ன ஆகும் என்பதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். விரிவான நேர்காணல் ஏறக்குறையப் பாதி வீடுகளில்தான் நடந்தது. ஆகவே எதேச்சையாக எடுத்த இரண்டு வீடுகளும் நேர்காணலில் இடம்பெற்றிருக்கும் வாய்ப்பு கால் பங்கு மட்டுமே. கறாரான விதியின்படி, ஊரில் உண்மையாகவே இருக்கும் உறவுகளில் முக்கால்வாசி படத்திலிருந்து மறைந்துவிடும்; தளர்வான விதியின்படி, இரு வீடுகளுமே நேர்காணலில் இல்லாத கால்வாசி மட்டும் மறையும். வலையமைப்பில் ஒருவர் எவ்வளவு முக்கியமான இடத்தில் இருக்கிறார் என்று சொல்லும் மையத்தன்மை அளவீடுகளைப் பற்றிக் கருத்தரங்குகளில் மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள், கோடு போட்ட விதத்தைப் பற்றி ஒரு வரி கூடக் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

கோடுகள் சரியாக அமைந்துவிட்டாலும் அவற்றின் வழியே என்ன ஓடுகிறது என்ற கேள்வி நிற்கிறது. ஆட்டக் கோட்பாட்டுக்கு வேலை வருவது இங்கேதான். கடன் ஐந்து பெண்கள் கொண்ட குழுவுக்குக் கூட்டுப் பொறுப்பில் தரப்பட்டது. ஒருத்தி தவணை தவறினால் சுமை மற்ற நால்வர் மேல் விழும் என்பதால், பக்கத்து வீட்டார் சேர்ந்தால் நானும் சேர்வேன் என்பதுபோன்ற ஒருங்கிணைப்பு ஆட்டத்தையே என்னைப் போன்றவர்கள் எதிர்பார்ப்போம். தரவு வேறு விதமாகப் பேசியது. கடன் பற்றிய செய்தி ஒருவரை எட்டிவிட்ட பிறகு, அவர் சேர்வதா வேண்டாமா என்பதில் அண்டை வீட்டாரின் முடிவுக்குக் குறிப்பிடத்தக்க பங்கு இருந்ததாகத் தெரியவில்லை. வேறுபாடு செய்தியைச் சொல்வதில் இருந்தது. கடன் வாங்கியவர்கள் மற்றவர்களிடம் அதைச் சொல்லும் வாய்ப்பு, கேள்விப்பட்டும் வாங்காதவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆனால் வாங்காதவர்கள் எண்ணிக்கையில் மிகுதி. செய்தி பரவியதில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள் வாய்வழியாகவே நடந்திருக்கிறது.

அப்படியானால் செய்தியை முதலில் யார் காதில் போடுவது? இதற்கு எங்களிடம் கருவிகள் பல உண்டு. ஷேப்ளி மதிப்பு எனக்குப் பிடித்தமானது. ஒவ்வொருவரும் குழுவில் சேரும்போது கூடுதலாக என்ன கொண்டுவருகிறார் என்பதை, அவர்கள் சேரக்கூடிய எல்லா வரிசைகளுக்கும் பார்த்துச் சராசரி எடுப்பது அது. ஐந்து பேருக்கு 120 வரிசைகள். இருபது பேருக்கோ அந்த எண் 19 இலக்கங்களுக்குப் போய்விடும் என்பதால், மாதிரி எடுத்துத்தான் சமாளிக்கிறோம். இவ்வளவு பாடுபடத் தேவையில்லை என்பதுபோல, அதே நால்வர் 2019-இல் வெளியிட்ட கட்டுரை ஊர்க்காரர்களையே கேட்டது. ஒரு செய்தி ஊர் முழுக்கப் பரவ வேண்டுமானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டபோது, வலையமைப்பின் படத்தைக் கண்ணால் கண்டிராத மக்கள் பரவல் மையத்தன்மை மிகுந்தவர்களையே, அதாவது செய்தியை அதிகம் பேருக்குக் கொண்டுசேர்க்கும் இடத்தில் இருப்பவர்களையே, பெயர் சொல்லிக் காட்டினார்கள். தொலைபேசியில் அழைத்தால் பரிசு என்ற செய்தியைப் பரப்பிப் பார்த்து 213 கிராமங்களில் நடந்த சோதனையிலும், அவ்வாறு சுட்டப்பட்டவர்களிடம் சொன்ன ஊர்களிலிருந்து கூடுதலான தொலைபேசி அழைப்புகள் வந்தன. ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னதில், எதேச்சையாகத் தேர்ந்தவர்களிடம் சொன்னதைவிடப் பெரிய பலன் கிட்டவில்லை. கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் இதில் வியப்பிருக்காது.

ஆயினும் அந்தச் சோதனையின் அமைப்பில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கூறு ஒன்று உண்டு. அழைப்பவருக்குப் பரிசு கிடைக்கும்; ஆனால் ஒருவர் அழைப்பதால் மற்றவருடைய வாய்ப்பு குறையாது. எனவே செய்தியைச் சொல்வதில் யாருக்கும் நட்டமில்லை. முதலில் விண்ணப்பிக்கும் பத்துப் பேருக்கு மட்டும் வீட்டு மானியம் என்ற செய்தியை அதே ஊரில், அதே ஆளிடம் சொன்னால், அவர் தம் அண்ணன் வீட்டோடு நிறுத்திக்கொள்வார். அதுவே அவருக்கு ஆதாயமான உத்தி. புள்ளிகளும் கோடுகளும் மாறவில்லை, ஆட்டம் மாறிவிட்டது. இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் கணித மாதிரியில் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு எடைகள் கொடுத்துப் பார்க்கிறேன்: பகிர்ந்தால் குறையாத செய்திக்கு ஒன்று, குறையும் செய்திக்கு ஒன்று. இரண்டாவது எடையை அளக்கத் தோதான கேள்வி அந்தப் பழைய வினாத்தாளில் இல்லை. நெருக்கடியில் அரிசி தருபவர் மானியச் செய்தியையும் தருவாரா என்பதை நேரில் போய்த்தான் கேட்டாக வேண்டும். புதிய வினாத்தாளை அதற்காகவே எழுதிக்கொண்டிருக்கிறோம்.