திருடனுக்குத் தேள் கொட்டினால்

முந்தாநாள் ராத்திரி ஒன்றரை மணி. சாமான் அறையிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். குக்கர் விசிலுக்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. லைட்டைப் போட்டால், அப்பா. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார், உள்ளே அச்சு வெல்லம்.

சுகர் முந்நூறைத் தொட்டதிலிருந்து அம்மா வெல்லத் தூக்கைத் தேங்காய் மட்டைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறாள். அந்த இடத்தை அப்பாவுக்கு முன்னாலேயே தேள் கண்டுபிடித்திருக்கிறது.

"சின்னதுதான்டா, செவப்பா இருந்துச்சு" என்றார், விழுங்கி முடித்துவிட்டு. எனக்கு ஆறுதலாம்! தேளில் சின்னதுதான் எமன். நண்டுக்குச் சித்தப்பா மாதிரி இருக்கும் கருந்தேள் கொட்டினால் பெரும்பாலும் கத்திவிட்டு ஓய்ந்துவிடலாம். செந்தேள் விஷம் இதயத்தைப் பதம் பார்க்கும். அப்பாவுக்கு அதற்குள் சட்டை நனைந்து, கை சில்லிட்டிருந்தது.

எதிர்வீட்டு அத்தை புளியும் சுண்ணாம்புமாக வாசலில் நின்றார். யார் சொன்னார்களோ! கரண்ட் போனால் கூட அவருக்குத்தான் முதலில் தெரியும். அவரைத் தாண்டி வண்டியை எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பிரசோசின் மாத்திரை கொடுத்தார்கள். பிரஷர் மாத்திரை என்றதும், "அதான் வீட்டுலயே தெனம் ஒண்ணு போடுறேனே" என்று அப்பா பேரம். அது வேறாம். தேள்கடிக்கு இது கேட்கும் என்று உலகத்துக்குச் சொன்னவர் மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சின்ன ஊரில் வைத்தியம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர். 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொசுக்கடியில் பெஞ்சில் உட்கார்ந்து போனில் படித்தது.

"என்ன பண்ணும்போது கொட்டிச்சு?" என்று டாக்டர் கேட்டார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அம்மாதான், "திருடும்போது" என்றாள்.

விடிய விடிய வைத்திருந்து, கண்டம் தாண்டியது என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா தூக்கைக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் டங்கென்று வைத்தாள். "பதினேழு இருக்கு. எண்ணியிருக்கேன்."

இன்று காலையில் எண்ணிப் பார்த்தேன், பதினாறு. ஓடிப்போய் அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன்.

"தெரியும். நீ உன் வேலையப் பாரு" என்று காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.