சிறிய எழுத்தில் வந்தவை

மனித மரபணுத்தொகையின் கோப்பைத் திறந்தால் ஏறக்குறையப் பாதி ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் (a, c, g, t) இருக்கும். 'திரும்பத் திரும்ப வருபவை' என்று ரிபீட்மாஸ்கர் மென்பொருள் குறித்துவைத்த பகுதிகள் அவை. பெரும்பாலும், ஒரு காலத்தில் தம்மைத் தாமே நகலெடுத்து இடம்விட்டு இடம் தாவிய டி.என்.ஏ. துண்டுகளின் மிச்சம். ஆலு என்ற வகையில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல், ஒவ்வொன்றும் சுமார் 300 எழுத்து.

தரவு அலசுவது என் பிழைப்பு. எனக்கு இவை வெறும் தொல்லை. எங்கள் நிரலில் ஒரு வரி இருந்தது: முகடு சிறிய எழுத்தில் விழுந்தால் நீக்கு. முகடு என்றால், டி.என்.ஏ.வில் ஒரு புரதம் ஒட்டிய இடத்தில் தரவு குவிந்து எழும் மேடு. எனக்கு முன்பிருந்தவர் எழுதியது. குடும்பச் சொத்துபோல நானும் காத்துவந்தேன்.

புதிதாகச் சேர்ந்த பெண் அந்த வரியை ஓட்ட மறந்துவிட்டார். வைரஸ் தாக்கும்போது உடல் சுரக்கும் எச்சரிக்கைப் பொருள் இன்டர்ஃபெரான்; அந்த எச்சரிக்கை வந்ததும் மரபணுக்களை இயக்குவது ஸ்டாட்1 புரதம். இன்டர்ஃபெரான் கொடுத்த செல்களில் ஸ்டாட்1 எங்கெல்லாம் ஒட்டுகிறது என்பதுதான் வேலை. "சார், ஏஐஎம்2 மரபணுவுக்கு முன்னால் இவ்வளவு உயரமாக ஒன்று நிற்கிறதே?" என்றார். செல்லுக்குள் புகும் அன்னிய டி.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் புரதத்தின் மரபணு அது. நான் தலை நிமிராமலே, "குப்பை, விட்டுவிடுங்கள்" என்றேன். அவர் விடவில்லை. பெரிதாக்கிக் காட்டினார். எம்இஆர்41.

4.5 கோடி முதல் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் குரங்கு மூதாதையருக்குள் புகுந்த வைரஸின் எச்சம் அது. ஸ்டாட்1 ஒட்டும் இடத்தைக் கையோடு கொண்டுவந்தது. அதை வெட்டியெடுத்தால், இன்டர்ஃபெரான் கொடுத்தாலும் ஏஐஎம்2 சரிவர இயங்குவதில்லை என்று யூட்டா பல்கலைக்கழகத்தினர் 2016இலேயே காட்டிவிட்டார்கள். அந்தக் கட்டுரை என் கணினியில் படிக்கப்படாமலே கிடந்தது.

அந்த வரிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. அண்மையில் தாவியவை ஒன்றுபோலவே இருப்பதால், கருவி வாசித்த ஒரு டி.என்.ஏ. துணுக்கு எந்தப் பிரதியிலிருந்து வந்ததென்று சொல்ல முடியாது. பழையவை அப்படியல்ல, திரிந்து திரிந்து ஒவ்வொன்றும் தனி முகம் பெற்றுவிட்டன. நாங்கள் இரண்டையும் ஒரே கூடையில் கொட்டிவந்தோம்.

அடுத்த வாரமே அவர் மரபணுக்களை இயக்கும் 'விசைகள்' என்று நூற்றுக்கணக்கான எச்சங்களைப் பட்டியலிட்டுக் கொண்டுவந்தபோது தடுத்தேன். புரதம் ஒட்டுவதாலேயே ஒன்று மரபணுவை இயக்கிவிடாது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். முகம் சுளித்தார். மதிய உணவில் அவரைத் தேற்ற, எச்சில் சுரக்கும் பரோட்டிட் சுரப்பியில், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் சுரக்கவும் ஒரு வைரஸ் எச்சம் தேவை என்ற 1992ஆம் ஆண்டு ஆய்வைச் சொன்னேன். சோற்றை ஒரு நிமிடம் கூடுதலாக மென்று பார்த்தார். "இனிக்கிறது சார்."

வரியை நான் அழிக்கவில்லை. நீக்கப்படுபவை இப்போது தனிக் கோப்பில் சேர்கின்றன. காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் திறக்கிறேன்.