அழுத்த அலகு மாற்றம்: மதிப்பெண் எங்கே நழுவுகிறது?

டிப்ளமோ தெர்மல், ஹைட்ராலிக்ஸ் தாள்களில் அழுத்தக் கணக்கு தப்பாகும்போது பெரும்பாலும் சூத்திரம் சரியாகவே இருக்கும். எண்களைப் பிரதியிடும் வரியில் ஒன்று மட்டும் வேறு அலகில் நின்றுவிடும். அந்த ஒரு வரிக்குத்தான் பயிற்சி தேவை.

மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 1 பார் = 1,00,000 பாஸ்கல். 1 வளிமண்டல அழுத்தம் = 1,01,325 பாஸ்கல்; அதுவே 760 மி.மீ. பாதரசம். 1 கிலோ/செ.மீ.² = 98,066.5 பாஸ்கல். 1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு விசை) = 6,895 பாஸ்கல். அட்டவணை முழுவதையும் நெட்டுருப் போட்டால் 14.5, 14.7, 14.22 மூன்றும் தேர்வறையில் குழம்பும். முதலாவது ஒரு பாருக்கும், இரண்டாவது ஒரு வளிமண்டலத்துக்கும், மூன்றாவது ஒரு கிலோ/செ.மீ.²-க்கும் உரிய பி.எஸ்.ஐ. மதிப்பு.

எங்கிருந்து எங்கே போனாலும் பாஸ்கல் வழியாகவே போங்கள். டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று, அதைக் கிலோ/செ.மீ.²-இல் கேட்கிறார்கள் என்றால்: 32 × 6,895 = 2,20,640 பாஸ்கல். அதை 98,066.5-ஆல் வகுத்தால் 2.25. ஒரு வரி கூடுதலாக எழுதுகிறோம், ஆனால் பெருக்குவதா வகுப்பதா என்ற சந்தேகமே வராது.

கிலோ/செ.மீ.² மதிப்பு மறந்துபோனால் அங்கேயே வருவித்துக்கொள்ளலாம். 1 கிலோ எடையின் விசை 9.80665 நியூட்டன், 1 செ.மீ.² என்பது 10⁻⁴ மீ.². இங்கே 10⁻² என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை, விடை நூறு மடங்கு சுருங்கிவிடும். பரப்பு என்பதால் நூறையும் வர்க்கப்படுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண்ணைத் தின்பது கேஜ் அழுத்தத்துக்கும் அப்சல்யூட் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். கொதிகலன் கேஜ் முள் 7 கிலோ/செ.மீ.²-இல் நிற்கிறது, நீராவியின் வெப்பநிலை என்ன என்று கேள்வி. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும். நீராவி அட்டவணையோ அப்சல்யூட் அழுத்தத்தில், அதாவது முழு வெற்றிடத்திலிருந்து அளக்கும் அழுத்தத்தில், அச்சிடப்பட்டது. ஆகவே முதலில் ஒரு வளிமண்டலத்தைக் (1.033 கிலோ/செ.மீ.²) கூட்டி 7 + 1.033 = 8.033 கிலோ/செ.மீ.², பிறகு 0.980665-ஆல் பெருக்கி 7.88 பார். அட்டவணையில் ஏறக்குறைய 170°செ. கூட்ட மறந்தால் 6.86 பாருக்குப் பார்ப்போம், 164°செ. வரும். அலகு மாற்றம் துல்லியமாக இருந்தும் விடை 6 டிகிரி குறைந்துவிட்டது பாருங்கள்!

வாயு விதிக் கணக்கிலும் இதே கதைதான். 27°செ.-இல் 32 பி.எஸ்.ஐ. கேஜ் உள்ள டயர், கன அளவு மாறாமல் 57°செ.-க்குச் சூடாகிறது. 32 + 14.7 = 46.7, அதை 330/300-ஆல் (வெப்பநிலைகள் கெல்வினில்) பெருக்க 51.4, திரும்ப 14.7 கழிக்க 36.7 பி.எஸ்.ஐ. நேரடியாக 32-ஐப் பெருக்கினால் 35.2 வரும், கொள்குறி வினாவில் அந்த எண்ணும் ஒரு தெரிவாகக் காத்திருக்கும். வினாத்தாளில் 'கேஜ்' என்ற சொல்லைக் கண்டதும் பென்சிலால் வட்டமிடுங்கள்.

வெற்றிடத்தில் குறி தலைகீழ். கண்டென்சரில் 600 மி.மீ. வெற்றிடம், பாரோமீட்டர் 760 மி.மீ. என்றால் உள்ளே இருப்பது 160 மி.மீ. பாதரசம்தான். 1 மி.மீ. பாதரசம் 133.3 பாஸ்கல் என்பதால், அதால் பெருக்க சுமார் 21.3 கிலோபாஸ்கல். 600-ஐ அப்படியே பெருக்கி 80 என்று எழுதக்கூடாது. வினாவில் பாரோமீட்டர் அளவு வேறாக (உதாரணமாக 750) கொடுத்திருந்தால் அதையே எடுக்க வேண்டும், பழக்கத்தில் 760 போடாதீர்கள்.

மேனோமீட்டரில் (திரவ உயரத்தைக் கொண்டு அழுத்தம் அளக்கும் கருவி) திரவம் மாறினால் உயரத்தை அடர்த்தியால் பெருக்கிச் சமன்படுத்துங்கள்: 1 மி.மீ. பாதரசம் 13.6 மி.மீ. நீர். 10 மீட்டர் நீர் 1 கிலோ/செ.மீ.² என்பது விடையைச் சரிபார்க்கக் கைகொடுக்கும் அளவு.

பார், கிலோ/செ.மீ.², வளிமண்டலம் மூன்றும் ஏறத்தாழ சமம் என்பது பட்டறைக்குச் சரி. தேர்வில் தெரிவுகள் 3 சதவீதத்துக்குள் நெருங்கியிருந்தால் அந்தக் குறுக்குவழி கைவிட்டுவிடும். வேதியியலில் இது இன்னும் நுட்பம்: அழுத்தம் பாரில் இருந்தால் வாயு மாறிலி 0.0831, வளிமண்டலத்தில் இருந்தால் 0.0821. 0°செ.-இல் ஒரு மோல் வாயுவின் கன அளவு 1 பாரில் 22.7 லிட்டர், 1 வளிமண்டலத்தில் 22.4.

எழுதும்போது மெகாபாஸ்கலுக்குப் பெரிய 'எம்', மில்லிபாஸ்கலுக்குச் சிறிய 'எம்'. எழுத்து மாறினால் மதிப்பு நூறு கோடி மடங்கு மாறும்.