ஓர் அலகுக்கு ஓர் அங்குலம்

டிசம்பர் 8, 2023

சென்னையில் எங்கள் தெருவில் புயல் தண்ணீர் இன்னும் வடியவில்லை. ஆபீசில் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். எந்த வீடு என்று சொல்லவில்லை. பல்லவனில் ஏறி இரவு காரைக்குடி, அங்கிருந்து ஆட்டோவில் பள்ளத்தூர். எப்படியும் பிள்ளையார் நோன்புக்கு வர வேண்டியதுதான். பத்து நாள் முன்னதாகவே வந்துவிட்டேன். இவ்வளவு பெரிய வீட்டில் ஆத்தா மட்டும், முகப்பை ஒட்டிய ஓர் அறையில். மற்ற அறைகளில் பூட்டு.

டிசம்பர் 10

டூம் என்ற, பேய்களைச் சுடும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இன்று முப்பது வயது. 1993-ல் இதே தேதியில்தான் அதை எழுதிய இட் சாஃப்ட்வேர்க்காரர்கள் (id Software) முதல் அத்தியாயத்தின் ஒன்பது லெவல்களை இலவசமாக விட்டார்கள். எங்களிடம் வந்து சேர 1996 ஆனது. காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். அப்பச்சி ஃபீஸ் கட்டியது டிபேஸ் படிக்க. பெரியப்பச்சி மகன், எங்கள் அண்ணன், சிங்கப்பூரிலிருந்து வந்தவர் யாரிடமோ வாங்கிய ஃபிளாப்பிகளோடு வந்து பின்வரிசை மெஷினில் ஏற்றிவிட்டார். சவுண்ட் கார்டு கிடையாது. உள்ஸ்பீக்கரின் ‘கிர்ர்’தான் கதவுக்கும், துப்பாக்கிக்கும், பேய்க்கும்.

அந்த ஃபிளாப்பிகளில் ஒன்றில் விளையாட்டே இல்லை, வெறும் வேட் கோப்புகள். டூமில் லெவல், படம், சத்தம் எல்லாம் நிரலுக்கு வெளியே தனிக் கோப்பில் இருக்கும், அதுதான் வேட். ஆட்டக்காரர்கள் மாற்றிக்கொள்ளட்டும் என்று அதன் நிரலை எழுதிய ஜான் கார்மாக் தெரிந்தேதான் அப்படி வைத்தார். 1994 பிறந்ததுமே ரசிகர்கள் டெயூ என்ற எடிட்டரை எழுதிவிட்டார்கள். அப்புறம் யார் வேண்டுமானாலும் லெவல் கட்டலாம் என்றாகிவிட்டது. எங்கள் ஃபிளாப்பியில் எவனோ ஒருவன் தன் வீட்டைக் கட்டியிருந்தான். கட்டில் ஒரு மேடு, ஃபிரிட்ஜ் ஒரு இரும்புப் பெட்டி, கக்கூஸுக்குள் ஒரு பேய். இட் சாஃப்ட்வேர்க்காரர்களின் லெவல்களைவிட அதைத்தான் நாங்கள் அதிகம் ஆடினோம். ஊர் பேர் தெரியாத ஒருவன் வீட்டு அடுப்படி எங்கே என்று இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

நம் வீட்டையும் கட்டணும்டா என்று அண்ணன் அப்போதே சொன்னார். மணிக்கு 15 ரூபாய் கொடுத்துக் கட்ட முடிகிற வீடா இது?

சாயங்காலம் ஆத்தாவிடம் தையல் டேப் கேட்டேன். எதுக்கு என்றார்கள். வீட்டை அளக்க என்றேன். “விக்கப் போறீகளா?” என்று கேட்டார்கள். ஊரில் டேப்போடு வருகிறவர்கள் எல்லாம் தூணை விலை பேச வருகிறவர்கள்தான்.

டிசம்பர் 12

இரண்டு நாள் வேலை வீணாகிவிட்டது. ஆனாலும் கோபம் வரவில்லை.

டூமில் அளவுக்கு அடி, மீட்டர் கிடையாது, வெறும் அலகு. ஆட்டக்காரனின் கண் தரையிலிருந்து 41 அலகு உயரத்தில். என் கண் ஐந்தடிக்குச் சற்று மேலே. அப்படியானால் அடிக்கு 8 அலகு என்று கணக்குப் போட்டு முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரம்), இரண்டாங்கட்டு எல்லாம் கோடு இழுத்தேன். ஓடவிட்டால் வாசலிலேயே நிற்கிறான், உள்ளே போக மாட்டேன் என்கிறான். அவனுடைய அகலம் 32 அலகு. நம் நிலைக்கதவின் உள்வாய் மூன்றடி, அதாவது 24 அலகு. வாசலைவிட ஆள் பெரியவன்!

அடிக்கு 12 என்று மாற்றினேன். அப்போதுதான் உறைத்தது: ஓர் அலகு, ஓர் அங்குலம். டேப்பில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே தட்ட வேண்டியதுதான். கதவு 36, ஆள் 32, நுழைந்துவிட்டான். ஆனால் கண் உயரம் இப்போது 41 அங்குலம், ஒண்ணாம் வகுப்புப் பையனின் கண்.

ஓடவிட்டுப் பார்த்தேன். வளவுத் தூண்கள் மேலே மேலே போகின்றன. உத்தரத்தைப் பார்க்கப் பின்னால் நகர வேண்டியிருக்கிறது. இந்த வீடு இவ்வளவு பெரியதாக எனக்குத் தெரிந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். திண்ணைக்குப் போனேன், ஏற முடியவில்லை. டூமில் குதிக்க முடியாது, 24 அலகுக்கு மேல் படி ஏறவும் முடியாது. நம் திண்ணை 30 அங்குலம். ஐயா இருந்தவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைப்பார். ஒரு படி போட்டுவிடலாமா என்று யோசித்தேன், போடவில்லை. அளவு அளவுதான்.

டிசம்பர் 13

தரை. டூமில் தரைக்கு ஒட்டும் படம் 64-க்கு 64 புள்ளி, புள்ளிக்கு ஓர் அலகு. நம் ஆத்தங்குடிக் கல் 8 அங்குலம், ஆக ஒரு படத்துக்கு எட்டுக்கு எட்டு கல், அச்சாக உட்கார்கிறது. ஆனால் ஒரு கல்லுக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளிதான். பூ, இலை எல்லாம் சாம்பார்ப் பொடி சிந்தியது போல ஆகிவிட்டது. சிவப்பு மட்டும் சரியாக வந்தது. டூமின் 256 நிறங்களில் சிவப்புக்குப் பஞ்சமில்லை.

தரை மாறும் இடத்தில் உயரமும் மாற வேண்டும் என்பது முதல் அத்தியாயத்து லெவல்களில் பெரும்பாலானவற்றைக் கட்டிய ஜான் ரொமேரோவின் விதிகளில் ஒன்று. நம் கொத்தனாருக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. வளவில் கல் முடிந்து முற்றம் தொடங்கும் இடத்தில் சட்டென்று ஒரு பள்ளம்.

மாடி கிடையாது. டூமில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வராது, உள்ளுக்குள் அது தட்டையான வரைபடம்தான். பின்னால் வந்த எஞ்சின்களில் ஏமாற்றிச் செய்யலாம். வேண்டாம், செக்காலை ரோட்டு மெஷினில் ஓடியிருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

டிசம்பர் 15

அந்தக் கணக்கே காலை வாரிவிட்டது. பழைய டூமை டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் மெஷினைப் போல நடிக்கும் மென்பொருள்) போட்டு லெவலை ஏற்றினேன். வாசலில் நின்று திரும்பியதுமே தொப்பென்று டாஸ் திரை. விஸ்பிளேன் தீர்ந்துவிட்டதாம். கண்ணுக்குத் தெரியும் தரை, கூரைத் துண்டுகளை எஞ்சின் எண்ணிக்கொண்டே வரும். உயரமோ, வெளிச்சமோ, படமோ மாறினால் வேறு துண்டு. 128-க்கு மேல் போனால் கையை விரித்துவிடும். நம் வீடுதான் தெருவாசலில் நின்றால் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியுமே. போதாததற்கு, முற்றத்து வெயில் உள்ளே போகப் போக மங்குவது போல வெளிச்சத்தைப் பதினாறு படியாக வைத்திருந்தேன். பெருமை பட்ட பாடு. நாலாகக் குறைத்தேன், ஓடுகிறது, அழகு போய்விட்டது. 1997-ல் மூல நிரலை வெளியிட்ட பிறகு ரசிகர்கள் இந்த வரம்பை உடைத்துவிட்டார்கள் என்பது தெரியாமல் இல்லை. வீம்பு.

டிசம்பர் 17

எல்லோரும் வந்தாயிற்று. டிவியில் தூத்துக்குடிப் பக்கம் மழைச் செய்தி, அடுப்படியில் கருப்பட்டிப் பணியாரம். கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் குடும்பத்தோடு வந்திருக்கிறார்.

அண்ணன் மகன் லெவலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, “சித்தப்பா, யாருமே இல்லையே, யாரைச் சுடுறது?” என்றான். நியாயம்தான். இரண்டாங்கட்டு அடுப்படியில் ஒரே ஒரு இம்ப் பேயை வைத்துக் கொடுத்தேன். ஆத்தா எட்டிப் பார்த்தார்கள். “நோன்பு நாளும் அதுவுமா அடுப்படியில எதுக்குடா பேயி?” எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 19

வளவின் வடபுறம் மூன்றாவது அறை என் வரைபடத்தில் வெறும் கறுப்பாகவே கிடந்தது. பாகம் பிரித்ததில் அது பெரியப்பச்சி புள்ளிக்கு, அதாவது அவர் குடும்பத்துக்கு, போனது. சாவி அவர்களோடு கோயம்புத்தூர் போய்விட்டது. நான் உள்ளே பார்த்ததே இல்லை. ஊருக்குக் கிளம்பும் முன் அண்ணன் திறந்தார். தேங்காயெண்ணெய் விட்டு, செருப்பால் தட்டி, ஒருவழியாகத் திறந்தது. உள்ளே எனாமல் தூக்குகள், கால் ஒடிந்த ஒரு பெட்டகம், ஒன்பதுக்குப் பதினொன்றடி. டேப்பின் மறுமுனையை அண்ணன் பிடித்துக்கொண்டார். கதவின் உள்வாய் 30.

“32 இல்லாம ஆள் போக மாட்டானே” என்றேன்.

“நாலு இஞ்சு கூட்டிப் போடு.”

“அளவு மாறக் கூடாதுண்ணே.”

“என் ரூம்டா. நான் சொல்றேன், இடிச்சுக் கட்டு.”

34 போட்டேன். சிவப்புச் சாவி இருந்தால்தான் திறக்கும் கதவாக வைத்துவிட்டு, சாவியை எங்கே வைக்கலாம் என்று கேட்டேன். முகப்பிலா, முற்றத்திலா?

காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டே சொன்னார், “கோயம்புத்தூர்ல வை.”