கால் அரிப்பும் அசிட்ரெட்டின் காப்ஸ்யூலும்

லைக்கன் பிளானஸ் என்ற அரிப்புத் தோல் நோய் பலருக்கு ஒன்றிரண்டு ஆண்டில் தானாகவே அடங்கிவிடும். எனக்கு வந்தது தடித்துப்போகும் வகை, லேசில் போகாது. முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரை கத்தரிப்பூ நிறத்தில் மேடு மேடாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். பகலில் எப்படியோ ஓட்டிவிடலாம். ராத்திரி படுத்ததும் அரிப்பு பிடித்துக்கொள்ளும். தூக்கத்திலேயே சொறிந்து, விடிந்து பார்த்தால் போர்வையெல்லாம் ரத்தத் திட்டு. கீறல் விழுந்த இடத்திலும் புதுத் தடிப்பு கிளம்புவதுதான் இந்த நோயின் குசும்பு.

ஸ்டீராய்டு களிம்பு, தடிப்புக்குள்ளேயே ஊசி எல்லாம் ஆயிற்று. கொஞ்ச நாள் அடங்கும், விட்டால் திரும்பும். அப்புறம்தான் தோல் டாக்டர் அசிட்ரெட்டின் என்றார். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மருந்து, சோரியாசிஸுக்குத்தான் அதிகம் கொடுப்பார்களாம். நோய் எதிர்ப்புச் சக்தியை அமுக்காது என்றதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மீதி பயத்தைக் கட்டுப்பாடுகள் பார்த்துக்கொண்டன. கருவை உருக்குலைக்கும் மருந்து என்பதால், பெண்கள் நிறுத்திய பிறகும் 3 ஆண்டுகள் கர்ப்பம் தரிக்கக் கூடாது. மது சேர்ந்தால் உடம்புக்குள் எட்ரெட்டினேட் என்ற இன்னொரு பொருளாக மாறி, கொழுப்பில் நீண்ட காலம் தங்கிவிடும். என்னைப் போன்ற ஆண்களும் அந்த 3 ஆண்டுகள் ரத்ததானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடலாம் அல்லவா? தவறாமல் ரத்தம் கொடுத்து வந்தவனுக்கு அது கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. வைட்டமின் ஏ மாத்திரையும் தொடக் கூடாது.

கல்லீரல், கொழுப்புப் பரிசோதனை முடிந்து 25 மில்லிகிராமில் ஆரம்பித்தேன். வெறும் வயிற்றில் போட்டால் சரியாகச் சேராது, சாப்பாட்டோடுதான்.

முதலில் மாறியது கால் இல்லை, உதடு. கொட்டாவி விட்டால் ஓரம் கிழியும். மூக்குச் சிந்தினால் ரத்தக் கசிவு. விரல் நுனித் தோல் மெல்லிசாக உரிந்து, கைபேசிக்கே என் ரேகை அடையாளம் தெரியாமல் போயிற்று! மருந்து வேலை செய்யும் அளவுக்கு உடம்பில் இருந்தால் உதடு காயாமல் இருக்காது என்றார் டாக்டர். வாசலின் டப்பா சட்டைப்பையிலேயே குடியேறியது. சீப்பில் முடி கூடுதலாக வந்தபோதுதான் நிஜமாகவே கலங்கினேன்.

பலன் மெதுவாகத்தான் வரும், இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். எனக்கு அரிப்புதான் முதலில் குறைந்தது. தடிப்பு அப்படியே இருக்கும்போதே தூக்கம் திரும்பிவிட்டது. என்னைக் கேட்டால் அதுவே போதும். பிறகு மேடுகள் ஓரத்திலிருந்து தட்டையாக ஆரம்பித்தன.

இடையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறிவிட்டது. எண்ணெயையும் இனிப்பையும் குறைத்தேன், டாக்டர் மருந்தை 10 மில்லிகிராமாக இறக்கினார். முடி கொட்டுவதும் மட்டுப்பட்டது. இப்போதும் அதே அளவுதான். காலில் கருந்தழும்பு இருக்கிறது, அது மறைய நாளாகும். அடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவு செய்வோம் என்றிருக்கிறார்.